கைமோசம்

பழைய சட்டத் தமிழில் ‘கைமோசக் கொலை’ என்றொரு சொல் உண்டு. இன்று அது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. கொல்லும் எண்ணமின்றி ஓர் உயிர் போக்கப்பட்டால், செய்தவனைக் கொலைகாரன் என்று சொல்லவும் மனம் வராது. அவனைச் சும்மா விட்டுவிடவும் நியாயம் இடங்கொடாது. அந்த இடைவெளிக்கென நம்மவர்கள் கண்டெடுத்த சொல் அது. ஆங்கிலச் சட்டத்தின் ‘மேன்ஸ்லோட்டர்’ என்பதை அது ஏறத்தாழச் சுட்டும். ஏறத்தாழ என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆத்திரத்தில் நிதானமிழந்து, கொல்லும் எண்ணத்தோடேயே ஒருவனை வெட்டிச் சாய்ப்பதையும் சில நிலைமைகளில் மேன்ஸ்லோட்டருக்குள் அச்சட்டம் அடக்கிவிடுகிறது. நமது சொல்லோ கையை மட்டுமே குற்றஞ்சாட்டுகிறது. மனம் அறியாது, கைதான் மோசம் செய்துவிட்டது என்கிறது.

மனிதனை விட்டு விலகிக் கை தனியாக மோசம் செய்ய முடியுமா? 2010ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பன்னிரண்டு ஜூரிகள் முன் வைக்கப்பட்ட வினாவைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

2009 ஜனவரி முதலாம் திகதி. புதுவருடம் பிறந்து சுமார் இரண்டு மணித்தியாலங்கள். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலுள்ள புருட்வேல் ரயில் நிலையம். ரயிலுக்குள் சண்டை நடப்பதாகக் கிடைத்த தகவலின் பேரில், ‘பார்ட்’ எனப்படும் அந்த ரயில் சேவையின் பொலிஸார் சில இளைஞர்களை மேடையில் இறக்கித் தடுத்து வைத்தனர். அவர்களுள் ஒருவர் ஒஸ்கார் கிராண்ட். கறுப்பின இளைஞர்; வயது 22; ஒரு சிறு பெண்பிள்ளையின் தந்தை. குப்புறக் கிடத்தப்பட்டிருந்த அவரது முதுகில் ஜொஹான்னஸ் மெசர்லி என்ற வெள்ளையினப் பொலிஸ் உத்தியோகத்தர் கைத்துப்பாக்கியால் ஒரு தடவை சுட்டார். அன்று காலை உயிர் பிரிந்தது. கிராண்டிடம் எந்த ஆயுதமும் இருக்கவில்லை. நின்றிருந்த ரயிலின் பயணிகள் பலர் இதனைத் தம் கையடக்கத் தொலைபேசிகளிலும் சிறிய கமராக்களிலும் பதிவு செய்துவிட்டனர்.

ஆகவே என்ன நடந்தது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. உலகம் முழுவதும் பார்த்தது. நடந்ததற்கு என்ன பெயர் என்பதில்தான் பிணக்கு. கமராவுக்கு விரல் தெரியும், விசை தெரியும். அந்த விரலை அசைத்த எண்ணம் தெரியாது.

மெசர்லி புலனாய்வாளர்களுக்கு வாக்குமூலம் அளிக்காமலேயே ஒரு வாரத்துக்குள் பதவி விலகினார். ஜனவரி 13ஆம் திகதி பக்கத்து மாநிலமான நெவாடாவில் கைது செய்யப்பட்டு, கொலைக் குற்றச்சாட்டுக்கு உள்ளானார். கடமையிலிருக்கும்போது சுட்ட பொலிஸ்காரர் மீது கொலை வழக்குத் தொடுப்பது அந்நாட்டில் அபூர்வம். ஓக்லண்டில் பரபரப்பு மிகுந்திருந்ததால் வழக்கு லொஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றப்பட்டது. சாட்சிக் கூண்டில் ஏறிய மெசர்லி கண்ணீர் விட்டார். தாம் எடுக்க நினைத்தது மின்னதிர்ச்சி தரும் ‘டேஸர்’ கருவியை. கைக்கு வந்தது துப்பாக்கி என்றார்.

அரசதரப்பு இதை ஏற்கவில்லை. துப்பாக்கி வலது இடுப்பில், டேஸர் இடப்பக்கத்தில். ஒன்று கறுப்பு, மற்றது மஞ்சள். ஒன்று கனமானது, மற்றது அதைவிட மிகவும் இலேசானது. மேலும், சுட்ட கையோடு ‘தவறி எடுத்துவிட்டேன்’ என்று அவர் சக உத்தியோகத்தர் எவரிடமும் சொல்லவில்லை. கிராண்ட் துப்பாக்கியை எடுக்கப் போகிறார் என்று நினைத்ததாகச் சொன்னார் என்றே சாட்சியம் வந்தது. மறுபுறத்தில், சுட்ட மறுகணம் அவர் முகத்தில் தெரிந்த திகைப்பைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதே முகத்தை ஒரு சாரார் ‘ஐயோ, என்ன செய்துவிட்டேன்’ என்று வாசித்தனர். இன்னொரு சாரார் ‘ஐயோ, எல்லோரும் பார்த்துவிட்டார்களே’ என்று வாசித்தனர்.

முதலாந்தரக் கொலை என்ற தெரிவை நீதிபதி றொபர்ட் பெரி முன்கூட்டியே நீக்கியிருந்தார். எஞ்சியவை இரண்டாந்தரக் கொலை, எண்ணத்தோடான மேன்ஸ்லோட்டர், எண்ணமற்ற மேன்ஸ்லோட்டர். இரண்டாந்தரக் கொலைக்குப் பதினைந்து வருடம் முதல் ஆயுள் வரை. எண்ணமற்றதற்கு இரண்டு முதல் நான்கு வருடம். 2010 ஜூலை 8ஆம் திகதி ஜூரிகள் கடைசியைத் தெரிந்தெடுத்தனர். அப்பன்னிருவரில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. தன் மகன் கொலை செய்யப்பட்டான் என்று தாய் ஊடகங்களின் முன் சொன்னார். அன்றிரவு ஓக்லண்ட் வீதிகளும் அதையே சொல்லின.

தீர்ப்பில் ஓர் முடிச்சு இருந்தது. எண்ணமற்ற மேன்ஸ்லோட்டர் என்று கூறிய அதே ஜூரிகள், குற்றத்தில் துப்பாக்கியைப் பிரயோகித்தார் என்ற மேலதிகக் குற்றச்சாட்டையும் உண்மையெனக் கண்டனர். அதனால் தண்டனை பதினான்கு வருடம் வரை உயர இடமுண்டாயிற்று. ஆனால் வேண்டுமென்றே துப்பாக்கியைப் பிரயோகித்தால்தான் அக்குற்றச்சாட்டுப் பொருந்தும். டேஸர் என்று எண்ணித் துப்பாக்கியை எடுத்தவர் எப்படி வேண்டுமென்றே துப்பாக்கியைப் பிரயோகிக்க முடியும்? நவம்பர் 5ஆம் திகதி நீதிபதி அந்த மேலதிக முடிவைத் தள்ளிவிட்டு இரண்டு வருடச் சிறை விதித்தார். சிறையில் கழித்த நாட்களும் கழிக்கப்பட்டு, 2011 ஜூனில் மெசர்லி வெளியே வந்தார்.

தர்க்கப்படி நீதிபதி செய்தது சரியாக இருக்கலாம். ஆயினும் அந்த முரண்பாட்டை வெறும் அறியாமையென ஒதுக்க எனக்கு மனமில்லை. ‘கொலைகாரன் அல்ல, ஆனால் வெறும் கைதவறலும் அல்ல’ என்பதைச் சொல்லச் சட்டம் அவர்களுக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்கவில்லை. கிடைத்த இரண்டு சொற்களை ஒட்டிப் பார்த்தார்கள் போலும்.

ஒக்ஸ்போர்ட் தத்துவவாதி ஜே. எல். ஒஸ்டின் 1956இல் நிகழ்த்திய, சாக்குப்போக்குகள் பற்றிய உரையில் ஒரு கழுதைக் கதை வரும். உங்கள் கழுதையும் என் கழுதையும் ஒரே வயலில் மேய்கின்றன. என் கழுதை எனக்குப் பிடிக்காமற் போகிறது, சுடுகிறேன். கிட்டப் போய்ப் பார்த்தால் விழுந்து கிடப்பது உங்களுடையது. இது பிழையான அடையாளத்தால் நேர்ந்தது. இன்னொரு விதம்: என் கழுதையைத்தான் குறிபார்க்கிறேன், சுடும் கணத்தில் அவை அசைகின்றன, உங்களுடையது விழுகிறது. இது விபத்து. இரண்டும் ஒன்றல்ல என்கிறார் ஒஸ்டின். மெசர்லியின் வாதம் முதல் வகையைச் சேர்ந்தது. துப்பாக்கி தானாக வெடிக்கவில்லை. குறி தவறவுமில்லை. ஒன்றை மற்றொன்றென்று எண்ணியதுதான் பிழை.

ஆனால் இந்தக் கதையில் ஒரு விடயம் ஓசையின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுகிறது. என் கழுதையைச் சுட எனக்கு உரிமை உண்டு என்பதே அது. (கழுதையின் பக்கத்து நியாயத்தை ஒஸ்டின் கேட்கவில்லை, அது அவரது விடயமுமல்ல.) பிழையென்ற சாக்கு நிற்பதற்கு, பிழை நேராதிருந்தால் நடந்திருக்கக்கூடியது நியாயமானதாக இருக்க வேண்டும். மெசர்லியின் சொல்லை அப்படியே நம்புவோம். அவர் செய்ய எண்ணியது என்ன? குப்புறக் கிடந்த, ஆயுதமற்ற ஒருவனின் முதுகில் மின்சாரம் பாய்ச்சுவது. அது சரியா என்ற கேள்வி, கொலையா கைமோசமா என்ற பெரும் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. அன்று கை சரியான கருவியைத் தேடி எடுத்திருந்தால், கிராண்ட் துடித்திருப்பார், பின் விலங்கிடப்பட்டிருப்பார். எவரும் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம். மெசர்லி அடுத்த நாள் வழமைபோல் வேலைக்குப் போயிருப்பார். எண்ணம் அதே எண்ணம்தான்.

எண்ணத்தை மட்டும் கொண்டு அளப்போம் என்போர் இந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்று. மெசர்லி வருவதற்கு முன்னரே மேடையில் அந்தோனி பிரோனி என்ற உத்தியோகத்தர் இருந்தார். பார்ட் நிர்வாகம் 2009இல் செய்வித்த உள்ளக விசாரணை அறிக்கை 2019இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. நிகழ்வுகளின் தொடரைத் தொடக்கிவைத்தது பிரோனியின் முரட்டு நடத்தையே என்று அது கூறியது. வழக்கு மீள ஆராயப்பட்டது. ஆனால் 2021இல் மாவட்ட வழக்குத் தொடுநர் அவர்மீது குற்றஞ்சாட்ட முடியாதென்று முடிவு செய்தார். கொலை, கைமோசம் இரண்டுமே ஒரு மனிதனின் ஒரு கணத்து மனத்தைத் தேடுகிற சொற்கள். அந்தக் கணத்தைச் சமைத்துக் கொடுத்த மற்றக் கைகளை அவை தேடுவதில்லை.

மின்னசோட்டாவின் புரூக்ளின் சென்டர் நகரில் 2021 ஏப்ரல் 11ஆம் திகதி, 26 வருட அனுபவமுள்ள கிம் பொட்டர் என்ற பெண் பொலிஸ் உத்தியோகத்தர் டோன்டே ரைட் என்ற 20 வயதுக் கறுப்பின இளைஞரைச் சுட்டார். ‘டேஸர், டேஸர்’ என்று கத்திக்கொண்டே சுட்டார். பிழையான துப்பாக்கியை எடுத்துவிட்டேன் என்று அந்த இடத்திலேயே அலறினார். எல்லாம் அவரது உடற்கமராவில் பதிவாயிற்று. இங்கே மனம் ஏறத்தாழ வெளிப்படையாகவே கேட்டது. கொலைக் குற்றச்சாட்டே சுமத்தப்படவில்லை. மேன்ஸ்லோட்டருக்குக் கிடைத்தது இரண்டு வருடம். சந்தேகத்துக்கு இடமான மனத்துக்கும் இரண்டு வருடம், சந்தேகமற்ற மனத்துக்கும் இரண்டு வருடம். அப்படியானால் மனத்தைத் தேடிச் செலவிட்ட அத்தனை வாரங்களும் எதற்கு?

மெசர்லி கொல்ல எண்ணினார் என்று என்னால் சொல்ல முடியாது. வீதியில் இறங்கியோர் கேட்டதும் அவரது மனத்தின் வரைபடத்தையல்ல என்றே நினைக்கிறேன். அஞ்சிப் பதறிய ஒரு பொலிஸ்காரனின் உள்ளத்தைக் கற்பனை செய்து பார்க்கப் பன்னிரண்டு பேருக்கு முடிந்தது. அது நல்ல விடயம்தான். அதே பரிவு மேடையில் குப்புறக் கிடந்தவனுக்கு, அவன் கை அசைந்தபோது, கிடைக்கவில்லை. அந்தக் கை விலங்குக்காக நீள்கிறதா, காற்சட்டைப் பையை நோக்கிப் போகிறதா, இல்லை மேலே அழுத்தியிருந்த பாரத்தில் அசைய முடியாமல் திணறுகிறதா என்று யோசிக்க அங்கு எவருக்கும் நேரமிருக்கவில்லை. அவன் கைக்கும் மோசம் நேரலாம் என்று ஒருவரும் எண்ணவில்லை.