இரவுக் காவலும் இரக்கத்தின் பாத்தியதையும்

மரக்காணத்தை ஊடறுத்துச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடக்கும் உப்பளங்களுக்கு மதிலும் இல்லை, கதவும் இல்லை. பாத்தியிலிருந்து வாரி வரப்பின்மேல் ஏற்றிய உப்பு, லாரி வந்து எடுத்துச் செல்லும் நாள் வரையில், கீற்றோ தார்ப்பாயோ போர்த்திய அம்பாரமாக வெட்டவெளியில் கிடக்கிறது. உவர்நீர் இறைக்கும் மோட்டாரும் அதன் கம்பியும் அவ்வாறே கிடக்கின்றன. உப்பைவிடப் பன்மடங்கு விலையேறிய சரக்கைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும் இறால் பண்ணைகளும், கடலைப் பார்த்து எழுந்துள்ள விடுதிகளும் அந்தக் கரையில் உண்டு. இவற்றையெல்லாம் அந்தி முதல் விடியல் வரையில், ஒரு டார்ச் விளக்கையும் ஒரு கம்பையும் துணையாகக் கொண்டு பாதுகாக்கும் பொறுப்பு, ஊரார் வாட்ச்மேன் என்று அழைக்கும் ஒரு மனிதரின் தலையில் வைக்கப்படுகிறது. அவர் அக்கம்பக்கத்துக் குப்பத்தையோ கிராமத்தையோ சேர்ந்தவராக இருக்கும்போதுதான் இங்கே ஆராய வேண்டிய தர்மசங்கடம் பிறக்கிறது.

ஒரு சந்தர்ப்பத்தைக் கற்பித்துக் கொள்வோம். நடுநிசி கடந்த வேளையில் அம்பாரத்தின் ஓரத்துக் கீற்றை விலக்கி ஒரு கூடை உப்பை அள்ளுகிறவள், காவற்காரரின் தெருவிலேயே குடியிருப்பவள். அவரை அண்ணன் என்று அழைப்பவள். கருவாடு போடுவதற்கு உப்பு வேண்டியிருந்தும் கையில் காசில்லாதவள். அதற்கும் மேலாக, அந்த உப்பை வெயிலுக்கு முன்னே வந்து வாரிக் குவித்தவர்களில் அவளும் ஒருத்தி. டார்ச் வெளிச்சத்தை அவள்மேல் வீசுவதா, வேறு பக்கம் திருப்புவதா என்பது அவருக்குச் சில கணங்களில் தீர்மானிக்க வேண்டிய காரியம். ஆற அமர எண்ணிப் பார்க்கும் வசதி பெற்ற நமக்கும் அது எளிதாக விடை தருவதன்று.

கடலும் கதிரவனும் அளித்த பொருளுக்கு உடைமைக்காரர் யார், பசித்தவள் ஒரு கூடை எடுத்தால் அது களவாகுமா என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியை அற்பமாகத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் இத்தேசத்தின் சரித்திரமே ஒரு காலத்தில் அக்கேள்வியைக் கேட்டு வென்றிருக்கிறது. சங்க நூல் கூறும் எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதும் இவ்வூரில், பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைப் பேசுகின்றன. அத்தனை பழமையான தொழிலை 1805-இல் கும்பினி அரசு சென்னை மாகாணத்தில் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. 1882-ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டமும், 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டமும் அப்பிடியை இறுக்கின. கழியோரத்தில் மனித முயற்சியின்றித் தானே பூத்த உப்பையும் ஏழை அள்ளலாகாது என்று தடுப்பதற்குச் சம்பளம் பெற்ற சேவகர்கள், அயல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அல்லர். அவ்வுப்பைத் தின்றே வளர்ந்த நம்மவர்கள்தாம்.

1930-ஆம் ஆண்டு அந்தச் சேவகர்களின் மனச்சான்றையும் சேர்த்தே சோதனைக்கு உள்ளாக்கியது. ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டியில் காந்தியடிகள் உப்பை எடுத்தார். ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் அணி அம்மாத இறுதியில் வேதாரண்யத்தை அடைந்தது. மே 21-ஆம் தேதி தராசனாவின் உப்புக் கிடங்கை நோக்கி அணி அணியாக நடந்த சத்தியாக்கிரகிகளின் மண்டைகளை இரும்புப் பூணிட்ட தடிகளால் பிளந்தவர்கள், அதிகாரியின் கட்டளையை நிறைவேற்றிய இந்தியப் போலீஸ்காரர்கள். அதற்கு ஒரு மாதத்திற்கு முன்னர், ஏப்ரல் 23-ஆம் தேதி, பெஷாவரில் நிராயுதபாணிகளான ஜனங்களைச் சுடும்படி ஏவப்பட்ட கார்வாலிச் சிப்பாய்கள் சந்திர சிங்கின் தலைமையில் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இரு சாராரும் அரசின் சம்பளத்தை உண்டவர்களே. சம்பளம் வாங்கியவன் ஏவியதைச் செய்தே தீர வேண்டும் என்னும் நியாயம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இவ்விரு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

அடுத்த ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி ஏற்பட்ட காந்தி–இர்வின் உடன்படிக்கை, உப்பு விளையும் இடங்களை அடுத்த கிராமத்தார் தம் வீட்டுத் தேவைக்கும், கிராமத்துக்குள்ளேயே விற்பதற்கும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று இடமளித்தது. வரியோ 1947 ஏப்ரல் முதல் தேதியில்தான் ஒழிந்தது.

ஆயினும் அந்தச் சரித்திரத்தை இன்றைய அம்பாரத்தின்மேல் அப்படியே சாத்திவிடுதல் பொருந்தாது. அன்று காக்கப்பட்டது, எவருடைய உழைப்பும் சேராத இயற்கைக் கொடையின்மீது அரசு விதித்த தடை. இன்றைய உப்பிலோ பாத்தியை மிதித்துத் தளம் இறுக்கிய கூலியும், நீர் இறைத்த செலவும், வாங்கிய கடனும், வடகிழக்குப் பருவமழை முந்திக்கொண்டால் எல்லாம் கரைந்துபோகும் அபாயமும் கலந்திருக்கின்றன. சில ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் சிறு உற்பத்தியாளரும் உடைமைக்காரர் என்ற சொல்லுக்குள் அடங்குபவரே. அவருடைய உப்பைக் காப்பதாக வாக்களித்துச் சம்பளம் பெறுகிறவர், பிறர் பொருளைத் தாம் தானம் செய்து கருணையாளராக விளங்க முடியாது. தம் கூலியிலிருந்து நான்கு ரூபாய் கொடுத்தால் அது இரக்கம். எஜமானரின் அம்பாரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது, எத்துணை நல்ல நெஞ்சிலிருந்து எழுந்தாலும், நம்பிக்கைக்குச் செய்யும் பிழையே. இதைச் சொல்லத் தயங்குவது காவற்காரரைக் கௌரவிப்பதாகாது; அவருடைய தொழிலுக்கு ஒரு தர்மம் உண்டு என்பதையே மறுப்பதாகும்.

ஆனால் விவகாரத்தை இவ்விடத்தில் முடித்துவிட்டால் குற்றம் முழுவதும் இரவில் விழித்திருக்கும் ஏழையின்மேலேயே விழும். அந்தப் பெண்ணுக்கு இரங்கும் பாத்தியதை உடையவர் ஒருவர் உண்டு; அவர் அந்நேரத்தில் தம் வீட்டில் உறங்குகிறார். அக்டோபரில் மழை இறங்கினால் உப்பளத் தொழிலாளருக்கு மாதக்கணக்கில் வேலை இல்லை என்பதும், அதை உணர்ந்தே தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் அளிக்கிறது என்பதும் அவர் அறியாதவை அல்ல. தம்மிடம் வேலை செய்கிறவர்கள் வீட்டுச் செலவுக்கும் கருவாட்டுக்கும் இவ்வளவு உப்பைப் பகலிலேயே கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் களவு என்ற பேச்சே எழுந்திராது. தாம் பகலில் செய்ய வேண்டிய அந்தத் தீர்மானத்தை அவர் செய்யாமல் விட்டதனால், கடுமை காட்டினால் தெருவாரின் பழியும் இளகினால் எஜமானரின் பழியும் வந்து சேரும் ஓர் இடத்தில், மாதச் சம்பளத்திற்கு இன்னொருவரை நிறுத்தி வைத்திருக்கிறார். மனச்சான்றின் பாரத்தைக் கூலிக்கு ஆள் பிடித்துச் சுமக்கச் செய்வதற்கு எந்த ஒப்பந்தமும் நியாயமாகாது.

பழைய தமிழ்நாட்டுக் கிராமக் காவலில், களவு போன பொருளை மீட்டுத் தரவோ ஈடு செய்யவோ காவல்காரர் கடமைப்பட்டிருந்தார்; அதற்கு ஈடாக அறுவடைக் களத்திலேயே தானியத்தில் அவருக்கு மேரை என்னும் பங்கு இருந்தது. அந்த ஏற்பாடு பல இடங்களில் மிரட்டிப் பறிக்கும் தொழிலாகச் சீர்கெட்டது மெய்யே. எனினும் பொறுப்பும் பங்கும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. இக்காலத்து வாட்ச்மேனுக்கு விளைச்சலில் பங்கில்லை. குறைந்ததற்கு மட்டும் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. ஒப்படைத்த பொருள் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக இழக்கப்பட்டாலன்றிப் பிடிக்கலாகாது, அப்போதும் அவர் தரப்பைக் கேளாமல் பிடிக்கலாகாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமே விதித்தது. அதிகாலையில் கணக்குப் பார்த்து, விசாரணையின்றித் தொகையைக் குறைத்துக் கொடுப்பவர், கூடை உப்பை எடுத்தவளைவிடப் பெரிய தொகையைக் கவர்கிறார்.

காவல் நேரத்து உறக்கத்தைப் பற்றியும் இதே நோக்கில் எண்ண வேண்டும். உடல் வேலையோ இடைவிடாத கவனமோ தேவைப்படாத செயலற்ற பொழுதுகள் பணிநேரத்தில் இயல்பாக அமையும் வேலைகளை, 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தனியே வகைப்படுத்தி, வேலைநேர விதிகளில் தளர்ச்சிக்கு இடம் வைத்தது. சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தானே சம்பளம் என்ற உலக வழக்கின் மனப்பான்மையும் இதற்குத் தொலைவில் இல்லை. எதுவும் நிகழாத இரவுதான் காவலின் பலன். அந்தப் பலனையே வேலையின்மைக்குச் சாட்சியாக்குவது அநீதி. உடம்பு அதைச் சும்மா இருத்தலாகக் கருதுவதும் இல்லை: இரவுநேர வேலையைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் மீண்டும் உறுதி செய்தது. நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி என்று வாரம் ஆறு இரவு நின்றால் 72 மணி ஆகிறது. வாரத்திற்கு 55 மணியோ அதற்கு மேலோ ஆன உழைப்பே பக்கவாதத்தையும் இருதய நோய் மரணத்தையும் மிகுவிப்பது என்று அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கண்டன. எட்டு மணி நேரக் காவலுக்கு ஒப்புக்கொண்டு, பாயை விரித்துத் திட்டமிட்டு உறங்குபவர் எஜமானரை ஏமாற்றுகிறார். பகலில் பிழைப்புக்கு வேறு வேலையும் பார்த்துவிட்டு வந்து, பன்னிரண்டு மணிக் காவலின் ஒன்பதாவது மணியில் நாற்காலியிலேயே தலை சாய்பவரை அக்கூட்டத்தில் சேர்ப்பது பாவம். இரண்டு ஆள் செய்ய வேண்டியதை ஒருவரிடம் வாங்கியவர் அந்த உறக்கத்தில் பாதிக்குப் பொறுப்பாளி.

இன்னும் ஒன்று எஞ்சுகிறது. வருவது கூடையேந்திய அண்டைவீட்டுப் பெண்ணாக இல்லாமல், இறால் குட்டையில் வலை வீச வண்டியோடும் ஆயுதத்தோடும் வரும் கூட்டமாகவும் இருக்கக்கூடும். சம்பளம் கண்விழிப்பை வாங்கியது. குரல் எழுப்புவதை வாங்கியது. உண்மையைச் சொல்வதை வாங்கியது. உயிரை அது வாங்கவில்லை. விசில் ஊதி, உரியவர்களுக்குக் கைப்பேசியில் செய்தி சொல்லி, ஒதுங்கி நின்று, விடிந்ததும் கண்டதைக் கண்டபடி கூறியவர் தம் கடமையை முழுவதுமாகச் செய்தவரே. அம்மாதம் அவருடைய சம்பளத்தில் ஒரு காசும் குறையலாகாது.