தெய்வத்தின் விருப்பமும் அறமும்

ஒரு செயல் அறமாக இருப்பதனால் தெய்வங்கள் அதனை விரும்புகின்றனவா, அன்றித் தெய்வங்கள் விரும்புவதனால்தான் அது அறமாகிறதா என்னும் வினா, பிளேட்டோ எழுதிய ‘யூதிஃப்ரோ’ என்ற சிறு உரையாடல் நூலில் சாக்ரடீசின் வாயிலாக எழுப்பப்படுகிறது. கிரேக்கரின் கோயில்களும் நாடகங்களும் வடிவியலும் பெற்ற புகழை இவ்வினா பெறவில்லை எனினும், சமயத்தைப் பற்றி மனிதர் கேட்ட வினாக்களுள் இதனினும் ஆழமானது அரிது. உரையாடல் நிகழும் இடமே அதன் பொருளோடு பிணைந்தது. கி.மு. 399இல், ஏதென்ஸ் நகரின் அகோரா எனப்பட்ட சந்தைவெளியின் வடமேற்கு மூலையில் இருந்த ‘அரச மண்டபத்தின்’ அருகே, சமயக் குற்றங்களையும் கொலை வழக்குகளையும் முதற்கண் விசாரிக்கும் ஆட்சியரைக் காண இருவர் வந்திருக்கின்றனர். நகரத்தின் தெய்வங்களை மதியாதவர், இளைஞரைக் கெடுப்பவர் என மெலீட்டஸ் தொடுத்த வழக்கிற்காக வந்தவர் சாக்ரடீஸ். தம் தந்தையின் மீதே கொலைக்குற்றம் சாட்ட வந்தவர், குறிசொல்லும் யூதிஃப்ரோ.

யூதிஃப்ரோவின் வழக்கு விரிவாகக் கூறத்தக்கது. நாக்ஸோஸ் தீவில் அவர் குடும்பம் பயிர்செய்த நிலத்தில் வேலைபார்த்த கூலியாள் ஒருவன், குடிவெறியில் வீட்டு அடிமையொருவனைக் கொன்றுவிடுகிறான்; தந்தை அவனைக் கைகாலைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சமயநெறி விளக்குநரிடம் கேட்டுவர ஏதென்சுக்கு ஆள் அனுப்புகிறார்; விடை வந்துசேர்வதற்குள், கவனிப்பாரற்றுக் கிடந்த அவன் பசியாலும் குளிராலும் இறந்துபோகிறான். ஒரு கொலைகாரனுக்காகப் பெற்ற தந்தையை வழக்குமன்றம் ஏற்றுவது தெய்வக்குற்றம் என்று உறவினர் சினக்கின்றனர். இறந்தவன் உறவா அயலா என்பது பொருட்டன்று, குற்றம் செய்தவரோடு தெரிந்தே சேர்ந்து வாழ்பவரையும் கொலைத்தீட்டு பற்றும் என்கிறார் யூதிஃப்ரோ. ‘மியாஸ்மா’ எனக் கிரேக்கர் அழைத்த அத்தீட்டு அவர்களுக்கு வெறும் உவமையன்று, ஊரையே நோயுறச் செய்யும் மெய்யான மாசு. அவரைத் தற்பெருமைக்காரராக மட்டுமே காண்பது நியாயமாகாது. ஒரு கூலியாளின் சாவும் கணக்கில் வர வேண்டிய சாவுதான் என்று அந்தக் குடும்பத்தில் எண்ணியவர் அவர் ஒருவரே.

ஆனால் தம் செயலுக்கு அவர் காட்டும் சான்று வேறு வகையானது. தெய்வங்களுள் தலைமை சான்ற ஜீயசே தன் தந்தை குரோனசைக் கட்டிவைத்தான், குரோனசோ தன் தந்தையை உறுப்பறுத்தான்; தெய்வங்கள் செய்ததை மனிதன் செய்தால் குற்றமா என்று அவர் கேட்கிறார். கிரேக்கச் சமயத்தில் அனைவரையும் கட்டுப்படுத்தும் மறைநூல் இல்லை. பலியும் விழாவும் முறையாக நடைபெற வேண்டுமேயன்றி, எதை நம்ப வேண்டும் என வரையறுக்கும் குருமார் அமைப்பும் இல்லை. தெய்வங்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஹோமர், ஹெசியட் ஆகிய புலவரின் காப்பியங்களிலிருந்தே வந்தன. களவையும் பிறன்மனை நயத்தலையும் வஞ்சத்தையும் தெய்வங்களின்மேல் ஏற்றிய அப்புலவர்களைக் கொலோஃபோன் நகரத்துச் செனோஃபனிஸ், சாக்ரடீசுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே கண்டித்தார். ஒவ்வோர் இனத்தாரும் தம் முகச்சாயலையே தெய்வத்துக்குத் தந்துகொள்கின்றனர் என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

சாக்ரடீஸ் இன்னும் ஒரு படி செல்கிறார். தெய்வங்கள் தமக்குள் பூசலிடுவதை விட்டுவிட்டு, அவை அனைத்தும் ஒருமனதாக விரும்புவதே ‘ஹோசியோன்’, அதாவது தெய்வநெறிக்கு உகந்தது, என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீரவில்லை. ஒருவர் சுமப்பதனால்தான் ஒரு பொருள் ‘சுமக்கப்படுவது’ ஆகிறது. அது சுமக்கப்படுவதாக இருப்பதால் அவர் சுமக்கிறார் என்று யாரும் சொல்லார். அதுபோலத் தெய்வங்கள் விரும்புவதனால்தான் ஒன்று ‘விரும்பப்படுவது’ ஆகிறது. அவை ஏன் அதனை விரும்புகின்றன என்று கேட்டால், நெறிக்கு உகந்ததாக இருப்பதால் என்று யூதிஃப்ரோவே ஒப்புக்கொள்கிறார். எனில், நெறிக்கு உகந்தது என்பதும் விரும்பப்படுவது என்பதும் ஒன்றல்ல. விருப்பம் நெறியின் விளைவேயன்றி அதன் இலக்கணமாகாது.

இவ்வாதம் நாத்திகமன்று. தம்முள் ஒலித்த தெய்வக்குரல் ஒன்று தவறான செயல்களிலிருந்து தம்மைத் தடுப்பதாகச் சாக்ரடீஸ் நம்பினார். மருத்துவத் தெய்வமான அஸ்கிளேபியசுக்குச் சேவல் செலுத்த வேண்டும் என்பதே அவர் இறக்குமுன் கடைசியாக விடுத்த வேண்டுகோள் என்று பிளேட்டோ எழுதுகிறார். தெய்வத்தின் விருப்பம் மட்டுமே அறத்தின் அளவுகோல் என்றால், கொடுமையையும் அது விரும்பியிருந்தால் கொடுமையே அறமாகியிருக்கும்; அப்போது தெய்வம் நல்லது என்னும் சொல்லுக்கே பொருளில்லை. இவ்வகையில் சாக்ரடீசின் வினா பக்தியைக் குறைக்கவில்லை; வலிமையை வணங்குவதிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கிறது. இதே சிக்கலைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் இஸ்லாமிய உலகும் எதிர்கொண்டது: நன்மை தீமைகளை அறிவால் உணரலாம் என முஃதஸிலா என்னும் இறையியல் பிரிவினர் வாதிட, இறைவன் ஏவியதே நன்மை என அஷ்அரி மரபினர் நின்றனர்.

உரையாடலில் விடை கிடைப்பதில்லை. நெறி என்பது என்ன என்று சாக்ரடீஸ் மீண்டும் கேட்கத் தொடங்கியதும், அவசர வேலையிருப்பதாகக் கூறி யூதிஃப்ரோ போய்விடுகிறார். அதே ஆண்டில் சாக்ரடீசுக்கு ஏதென்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அரச மண்டபத்தின் அடித்தளம் 1970இல் அகழாய்வில் வெளிப்பட்டது. நகரின் ஆட்சியர் சட்டங்களைக் காப்பதாக ஏறி நின்று உறுதிமொழி எடுத்த கல்லும் அதன் முன்னே கிடைத்தது.