எதிரொலி நின்ற பின்

கோவை மறைமாவட்டப் பங்குகளில் பாடற்குழுவோடு கிட்டார் ஒலிப்பது இன்று எவருக்கும் வியப்பன்று. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாடு பற்றிய ஏடு, ஆர்கனுக்கு முதன்மை அளித்ததோடு, ஆலய மாண்புக்கு ஒத்த பிற கருவிகளுக்கும் இடமளித்தது.

கிட்டார் இசைப்பவரின் காலடியில் பெடல்கள் உண்டு. ஒன்று ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பத் தருகிறது. மற்றொன்று பெருமண்டபத்தின் முழக்கத்தைச் சேர்க்கிறது. நற்கருணைப் பாடலில் இவை இனிமையே. ஆனால் பதிலுரைப் பாடலுக்காக இவற்றை அணைத்ததும் கிட்டார் திடீரென மெலிந்துபோவதையும், மக்களின் குரல் தடுமாறுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். காரணம் என்ன? எதிரொலிகள் மூல ஒலியோடு சேர்ந்து அளவைக் கூட்டிவிடுகின்றன. உரத்ததையே நல்லதென நம் செவியும் மயங்குகிறது. பரிகாரம் எளிது. முதலில் பெடலை அணைத்து, அணியற்ற ஒலியை ஆலயத்திற்குப் போதுமானதாக அமைக்க வேண்டும். பின்னர் பெடலை இயக்கி, ஒலி அந்த அளவை மிஞ்சாதபடி திருத்த வேண்டும்.

இது கருவிக்கு மட்டும் உரிய பாடமா? பாடலின் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை ஈர்த்த வேளைகளைக் குற்றமென ஏற்று வருந்தினார் புனித அகுஸ்தினார். நம் நிலை என்ன? ஒலிபெருக்கியின் முன் நிறைந்து முழங்கும் நம் சொல், நோயாளியின் கட்டிலருகே ஏன் வற்றிவிடுகிறது? சபையில் காட்டும் பரிவு, வீட்டுத் திண்ணையில் ஏன் குறைகிறது?

அணி தவறன்று. அணி நீங்கும்போது ஆளும் குறைந்தால், அதுவரை பிறர் கேட்டது நம்மையன்று, நம் எதிரொலியையே. ஆகவே, அணியற்ற நம் ஒலியை முதலில் சீர்செய்வோமாக.