சுருக்கித் தொழுத நாள்

ஜூலை மாதம். கனடாவிலிருக்கும் மகளிடம் போகிற வழியில் தென்கொரியாவின் இன்சியோன் விமான நிலையத்தில் காலை ஏழு மணிக்கு இறங்கினேன். அடுத்த விமானம் இரவு ஒன்பதுக்கு. கண்ணாடிக்கு அப்பால் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கொரியர்கள் ‘ஜங்மா’ என்று சொல்லும் அவர்களுடைய மாரி அது. ஜூன் கடைசியில் பிடித்தால் ஏறக்குறைய ஒரு மாதம் நீடிக்கும். பக்கத்து ஆசனங்களில் இருந்தவர்கள் படுத்துவிட்டார்கள். நானும் பையைத் தலைக்கு வைத்துப் பொழுதைப் போக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் ஒலுவிலிலிருந்து தம்பி அழைத்தான்.

“காக்கா, எங்க நிக்கிறீங்க?”

“கொரியாவில. இரவு வரைக்கும் இங்கதான். நல்ல மழை.”

“இங்க கச்சான் காத்து அடிச்சு மூஞ்சி எரியிது. அந்த ஊர்ல ஹாபர் இருக்கா?”

“இருக்கு. பெரிய ஹாபர்.”

“வாய் மண் மூடல்லையா?”

தம்பி ஆழ்கடல் படகுக்காரன். எந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேசினாலும் அவன் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கு விடை தெரியாது. கடவுச்சீட்டில் கனடா வீசா இருந்ததால் வெளியே போக அனுமதித்தார்கள். ஒரு குடை வாங்கிக்கொண்டு நகரத்துக்குப் போகும் பேருந்தில் ஏறினேன்.

அந்த விமான நிலையமே இரண்டு தீவுகளுக்கு நடுவில் கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் நிற்கிறது, 2001இல் திறந்தார்கள். நகரத்துக்குப் பாலத்தால்தான் போக வேண்டும். பாலத்தில் ஏறியதும் கீழே பார்த்தேன். கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, நடுவில் நரம்பு நரம்பாக ஓடும் வாய்க்கால்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கடல் உள்வாங்கினால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்று 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கரையைச் சேர்ந்தவன் நான். பேருந்தில் யாரும் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர்களுக்கு அது வற்று. நாளுக்கு இரண்டு தடவை நடப்பது.

எங்கள் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. இன்சியோனில் அது ஒன்பது மீட்டரளவுக்குப் போகும். கொரியப் போரில், 1950 செப்டம்பரில் அங்கே படைகளை இறக்கியபோதும் தளபதிகள் பெருக்கு நேரம் பார்த்துத்தான் நாள் குறித்தார்கள். இப்படியொரு கடலோடு எப்படித் துறைமுகம் நடத்துவது? துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வொல்மிதோ குன்றில் ஏறி நின்றால் விடை கண்முன்னே கிடக்கிறது. உள்துறைமுகத்துக்குக் கதவு போட்டிருக்கிறார்கள். முதல் கதவு 1918இல். இப்போதிருக்கும் பெரியது 1974இல். வெளியிலிருந்து வரும் கப்பல் ஒரு தொட்டிக்குள் நுழைகிறது, பின்கதவு மூடுகிறது. உள்ளே இருக்கும் நீர்மட்டத்துக்குத் தொட்டியின் நீரைச் சமப்படுத்தியதும் முன்கதவு திறக்கிறது. வெளியே கடல் வற்றிக் கிடந்தாலும் உள்ளே கப்பல் மிதந்துகொண்டேயிருக்கும்.

ஒரு சரக்குக் கப்பல் அப்படி உள்ளே போவதைக் குடைக்குள் நின்றபடி முழுவதும் பார்த்தேன். கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனாலும் அதன் பயணம் நடந்துகொண்டுதான் இருந்தது.

லுஹர் வந்துவிட்டது. மழைக்கு ஒதுங்கிய கூரையின் கீழ் துணியை விரித்து லுஹரையும் அஸரையும் சேர்த்து, நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதேன். ஒலுவிலில் கடல் எங்களுக்குக் கிழக்கு. கிப்லாவை நோக்கி நிற்கும்போது அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். இங்கே மேற்கில் கடல். வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைப் பார்த்து நின்று தொழுதேன்.

பயணிக்குத் தொழுகை சுருங்குமே தவிர விலகாது. சிறு வயதில் மதரஸாவில் இதை ஒரு சலுகை என்றுதான் படித்தேன். அந்தக் கூரையின் கீழ் அதன் மறுபக்கம் விளங்கியது. வழியில் நிற்கும் நேரமும் கணக்கில் உண்டு. ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்று யாரும் எங்களுக்கு விடுமுறை தரவில்லை.

ஆனால் எங்கள் பகுதியில் அப்படித்தான் வாழ்கிறோம். கட்டாருக்குப் போனவர் திரும்பி வரட்டும் என்று ஒரு வீடு பாதிச் சுவரோடு நிற்கிறது. வீசா வரட்டும் என்று ஒரு பையன் மூன்று வருடமாக வேறெதையும் கற்றுக்கொள்ளாமல் இருக்கிறான். ஊரும் அப்படியே. கப்பல்துறை அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப் ஒலுவிலுக்கு ஒரு துறைமுகத்தைக் கனவு கண்டார், வெளிச்சவீடு வந்தது. 2000 செப்டம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் போய்விட்டார். 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் துறைமுகம் திறந்தது. வர்த்தகக் கப்பல்கள் வந்து போகும் இடமாக அது அமையவில்லை. மீன்பிடிப் படகுகளுக்கும் வாயில் மண் சேர்ந்தால் வழி இல்லை.

நாங்கள் அடிவானத்தைப் பார்த்துக் கப்பலுக்குக் காத்திருந்தோம். காலடியில் மண் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் கரையில் அலை மண்ணைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே இழுத்துச் செல்லும். நடுவில் கல்லணை நீட்டினால் தெற்கில் மண் குவியும், வடக்குக் கரை பட்டினி கிடக்கும். ஒலுவிலின் வடக்கே தென்னைகள் வேரோடு கடலில் சரிந்ததும் நிந்தவூர்ப் பக்கம் கரை தின்னப்பட்டதும் இதனால்தான். கரைவலை இழுக்கிற எவருக்கும் மண்ணின் இந்த நடை தெரியும். இன்சியோன்காரர்கள் தங்கள் கடலின் குணத்தை அறிந்து, அதற்கேற்பக் கதவு செய்தார்கள். எங்களுடைய தவறு காத்திருந்தது அல்ல. காத்திருந்த காலத்தில் கரையைப் பார்க்காமல் இருந்ததுதான்.

பின்னேரம் கடற்கரைக் கடையொன்றில் சுட்ட மீனும் சோறும் சாப்பிட்டேன். அந்த ஊரில் பெயர் பெற்ற கறுப்பு நூடுல்ஸில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். மீன் எங்கேயும் நமக்கு ஆகும். கடைக்கார அம்மா மொழி தெரியாமலே ஈரக் குடையை வாங்கி வடிய வைத்தார். திரும்பும்போது பாலத்தின் கீழ் கடல் வந்துவிட்டிருந்தது. காலையில் பார்த்த சேறு எங்கிருந்தது என்று சொல்ல முடியாதபடி நிறைந்த தண்ணீர்.

ஒரே பகலில் அந்தக் கரையைப் பற்றி நான் அறிந்துகொண்ட அளவு, பிறந்து வளர்ந்த கரையைப் பற்றி எனக்குத் தெரியாது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஊர் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு வடக்குக் கல்லணையிலிருந்து கரையோரமாக நடந்தேன். எந்தத் தென்னை எந்த வருடம் போனது என்று அவன் காட்டிக்கொண்டே வந்தான். அவன் மனதில் இருந்த அந்தக் கணக்கு எந்தக் கொப்பியிலும் இல்லை.

ஒலுவில், பாலமுனை, நிந்தவூர்க் கடற்கரையில் குடியிருப்பவர்களிடம் கேட்கிறேன். உங்கள் வேலியிலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை அடி என்று இந்த வாரமே அளந்து, திகதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் அளந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.