சிறைப்பட்டோருக்காக அயல்நாட்டுத் துணை நாடல்: ஓர் அறவியல் நோக்கு

மனித உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தமை ஒன்றையே குற்றமாகக் கொண்டு ஓர் அரசு தன் குடிமக்கள் சிலரைச் சிறையிலடைக்கின்றது. நீதிமன்றம் அரசின் சொற்படி நடக்கின்றது. பத்திரிகைகள் மௌனஞ் சாதிக்கின்றன. இந்நிலையில், வெளியே எஞ்சி நிற்கும் நண்பர்கள் பிறநாட்டுத் தூதரகமொன்றின் கதவைத் தட்டலாமா? அது நாட்டுக்கிழைக்கும் துரோகமாகுமா? அயலரசு தன்னலங் கருதியே உதவும் என்பதை அறிந்திருந்தும் அவ்வுதவியை ஏற்பது முறையா? இவை அரசியல் வினாக்கள் போலத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் வினாக்களேயாம். இவற்றைச் சோவியத் ஒன்றியத்தில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆந் திகதி, சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் உட்பட 35 நாடுகள் ஹெல்சிங்கி இறுதிச் சாசனத்திற் கைச்சாத்திட்டன. அதன் ஆறாவது கோட்பாடு ஒரு நாட்டின் உள்விவகாரங்களிற் பிறநாடுகள் தலையிடலாகாது என்றது. ஏழாவது கோட்பாடோ மனித உரிமைகளையும் அடிப்படைச் சுதந்திரங்களையும் மதிக்குமாறு ஒவ்வோர் அரசையும் பணித்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் பௌதிகவியலாளர் யூரி ஓர்லொவ் தலைமையில் மொஸ்கோவிற் சிறு குழுவொன்று தோன்றியது. ஏழாவது கோட்பாடு எவ்வெவ்விடங்களில் மீறப்படுகின்றது என்பதைத் தொகுத்துக் கைச்சாத்திட்ட நாடுகளுக்கு அறிவிப்பதே அதன் பணி. 1977 ஜனவரியில் அந்திரேய் சகாரொவ், அப்போது பதவியேற்றிருந்த அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி காட்டருக்குச் சிறைப்பட்டோர் சிலரின் பெயர்களைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார். பெப்ரவரியில் காட்டர் மறுமொழி எழுதினார். அதே பெப்ரவரியில் ஓர்லொவும், மார்ச்சில் அனத்தோலி ஷரான்ஸ்கியும் கைதாயினர்.

முதலாவது வினா துரோகம் பற்றியது. ஓர்லொவ் சோவியத் எதிர்ப்புப் பிரசாரஞ் செய்தார் எனவும், ஷரான்ஸ்கி அமெரிக்க உளவாளி எனவும் குற்றஞ் சாட்டப்பட்டனர். நாடு வேறு, அரசு வேறு என்பதை மறப்பவர்க்கே இத்தகைய குற்றச்சாட்டு முழு வலிமையுடையதாகத் தோன்றும். ஓர்லொவ் குழுவினர் படையெடுப்பையோ நாட்டுப் பிரிவினையையோ வேண்டினாரல்லர். தம் அரசு 35 நாடுகளின் முன்னிலையில் விரும்பி அளித்த வாக்குறுதியை அவ்வரசுக்கு நினைவூட்டுமாறே வேண்டினர். பலர் முன்னிலையில் வாக்களித்தவன், அவ்வாக்கைப் பற்றிக் கேட்க மற்றையோர்க்கு உரிமையில்லை என்று கூறல் இயலாது. எனவே ஆறாவது கோட்பாட்டைக் கொண்டு ஏழாவதை மூடுதல் பொருந்தாது.

துணை நாடியவனை ஒற்றன் என்பது இந்நூற்றாண்டுகளுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவரை நெடுங்கிள்ளி ஒற்றன் எனக் கருதிக் கொல்ல முற்பட்டமையையும், கோவூர்கிழார் இடைநின்று அவரைக் காத்தமையையும் புறநானூற்றால் அறிகின்றோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கோவூர்கிழார் சான்றோர் என்ற தகுதியொன்றினாலேயே பேசினார். தூதுவன் நிலை அதுவன்று. வள்ளுவர் வகுத்த தூதுவன், தன் உயிருக்கே கேடு நேரினும் தன் வேந்தனுக்கு நன்மை பயக்கக் கடமைப்பட்டவன். அவனிடஞ் செல்பவர் அவன் வேந்தனின் நலத்தையுஞ் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டும்.

இதனால் இரண்டாவது வினா எழுகின்றது. சகாரொவுக்குக் கடிதமெழுதிய அதே காட்டர், 1977 டிசெம்பர் 31ஆந் திகதி தெஹ்ரானில் நடந்த விருந்திலே, ஷாவின் ஆட்சியின்கீழ் ஈரான் உறுதிப்பாட்டின் தீவாக விளங்குவதாகப் புகழ்ந்தார். அந்த ஈரானிலும் அரசியற் கைதிகள் இருந்தனர். உதவுபவனின் நெஞ்சு தூயதன்று என்பது இதனாற் புலனாகும். ஆனால் அத்தூய்மையின்மை ஓர்லொவின் கோரிக்கையை நீதியற்றதாக்கிவிடுமா? ஆக்காது. நோக்கத்தின் மாசு உதவுபவனைச் சாரும். உரிமையின் நியாயம் சிறைப்பட்டவனோடேயே நிற்கும். எனினும் வேண்டுபவர்க்கும் ஒரு கடமை உண்டு. தாம் பெறும் உதவிக்கு விலையாக, உதவுபவனின் சிறைகளைப் பற்றி வாய்மூடியிருக்க அவர் உடன்படலாகாது. உடன்படின் அவர் கேட்டது நீதியன்று, சலுகையேயாகும்.

மூன்றாவது வினா விளைவு பற்றியது. இதுவே மிகக் கடினமானது. வெளியார் அழுத்தம் அரசைக் கடுமையாக்கவுங் கூடும், மாற்றம் பெரும்பாலும் உள்ளிருந்தே வரவேண்டும் என்று ரோய் மெத்வதேவ் வாதிட்டார். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஷரான்ஸ்கி உளவாளியல்லர் எனக் காட்டர் 1977 யூனில் வெளிப்படையாகக் கூறியும், அடுத்த ஆண்டு யூலையில் அவருக்குப் 13 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 1986 பெப்ரவரியிலேதான் அவர் பேர்லினிற் பாலமொன்றைக் கடந்து விடுதலையானார். உளவாளிகள் பரிமாறப்பட்ட அந்நாளில் அவர்களோடு சேர்க்கப்படாது, தனியாகவே முன்னர் அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஒக்ரோபரில் ஓர்லொவும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அரசியற் கைதிகள் அனைவரையும் விடுவிக்குமாறு உண்ணாநோன்பிருந்த அனத்தோலி மார்ச்சென்கோவோ, அதே ஆண்டு டிசெம்பரிற் சிறைவாசத்திலேயே உயிர் நீத்தார். அம்மாதத்திலேயே சகாரொவ் கோர்க்கி நகரத்து நாடுகடத்தலினின்று மீண்டார்.

ஒருவர் மீண்டார், ஒருவர் மாண்டார். இவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு விதி காணல் இயலாது. ஒன்று மட்டும் தெளிவு: அழைப்பின் விலையைச் செலுத்துபவர் தூதுவருமல்லர், கடிதமெழுதுபவருமல்லர், சிறையிலிருப்பவரே. ஆதலின் அவரது விருப்பம், அதனை அறிய இயலாதவிடத்து அவர் முன்னர் வெளிப்படுத்திய கருத்து, தீர்மானிப்பதாதல் வேண்டும். ஓர்லொவ் குழுவினர் தம் பெயரை ஒப்பமிட்டே அறிக்கைகளை அனுப்பினர். அவ்வொப்பமே அவர்களது இசைவு. அத்தகைய இசைவில்லாத ஒருவரின் துன்பத்தை எடுத்துத் தம் இயக்கத்துக்குக் கொடியாக்குபவர், அரசு செய்த தவறையே வேறொரு வகையிற் செய்கின்றார்; இருவருக்கும் அம்மனிதர் ஒரு கருவியேயாவார்.

1998இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பிரகடனம், மனித உரிமைக் காவலர் சர்வதேச அமைப்புகளோடு தொடர்புகொள்ளும் உரிமையை உறுதிப்படுத்தியது. எனினும் வேற்றரசொன்றின் தூதரகத்தை எவ்வேளையில் நாடுவது என்பதை எந்தப் பிரகடனமும் நமக்காகத் தீர்மானித்துத் தராது. கேட்பது எல்லா அரசுகளிடமும் கேட்கத்தக்க நீதியாயின், துன்பப்படுபவர் அதற்கு இசைவாராயின், உதவுபவனுக்கு நம் மௌனத்தை விற்காதிருப்போமாயின், அயலான் கதவைத் தட்டுதல் இழுக்கன்று. தட்ட வேண்டிய வேளையில் நாட்டுப்பற்றின் பெயரால் வாளாவிருத்தலே இழுக்காகும்.