பள்ளிப் புத்தகசாலைக்கு இனி என்ன வேலை?

உலகத்து நூல்களெல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்ட இக்காலத்தில் பள்ளிக்கூடத்திற்குப் புத்தகசாலை எதற்கென்று கேட்பார் நம்முள் பலர் உளர். அவ்வறையைக் கணினி அறையாக்கிவிடலாமே என்பது அவர்தம் யோசனை. கேட்டவரை எள்ளுவது முறையன்று. ஆராய்ந்து பார்ப்பதே பகுத்தறிவுக்கு அழகு.

நூல்கள் வந்துவிட்டன என்பது மெய்யே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றது. ஈழத்து நூல்களை 2005 முதல் நூலகம் என்னும் அமைப்புச் சேர்த்து வருகின்றது. சிங்கப்பூர்த் தமிழரின் ஐம்பதாண்டு இலக்கியம் 2015இல் மின்வடிவம் பெற்றது. நம் முன்னோர் கனவிலும் காணாத செல்வம் இது! ஆயினும், தோட்டப் பள்ளியில் பயிலும் பத்து வயதுச் சிறுமி இச்செல்வத்தை எங்ஙனம் அடைவாள்? தேடுபொறி கேட்டதைக் கொடுக்கும். கேட்பதற்கோ ஒரு நூலின் பெயராவது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். பெயரறியாக் குழந்தைக்குக் கைப்பேசி தானாகவே எதையாவது எடுத்து நீட்டுகின்றது: ஒரு சினிமாப் பாட்டு, அதன்பின் ஒரு விளையாட்டு, அதன்பின் இன்னொரு பாட்டு.

அறத்தைப் பற்றிய கேள்வி இங்கேதான் பிறக்கின்றது. குழந்தைக்கு இன்னது கொடுப்பதென்று தெரிந்தெடுப்பவர் யார்? யாருடைய நன்மையின் பொருட்டு? கைப்பேசியில் அவ்வேலையைச் செய்வது விளம்பரத்தால் வாழும் நிறுவனத்தின் கணக்கு. சிறுவன் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அதற்கு ஊதியம். அவன் வளர்ந்தானா தேய்ந்தானா என்னும் கவலை அக்கணக்கில் இல்லை. புத்தகசாலை ஆசிரியரோ, நேற்று நரிக்கதை படித்தவனிடம் இன்று யானைகளைப் பற்றிய நூலொன்றைக் கொடுக்கின்றார். கொடுத்தது பொருந்தாவிடில் மறுநாள் அவன் முகத்தில் விழித்தாக வேண்டும். அக்கடப்பாடு எந்தப் பொறிக்கு உண்டு?

இதனால் பழைய புத்தகசாலையே சிறந்ததென்று யாம் வாதாட வரவில்லை. பிள்ளைகள் கைபட்டால் நூல் அழுக்காகுமென்று கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியை மேசைக்குள் போட்டு வைத்த பள்ளிகள் எத்தனை! அந்நூல்களைக் கடைசியில் கறையான்தான் கற்றுத் தேர்ந்தது. அத்தகைய அறை போனால் போகட்டும்.

சிங்கப்பூரில் 2021க்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு கற்றல் கருவி வந்துவிட்டது. மலேசியாவில் மாணவர் தாம் படித்த நூல்களைப் பதியும் நிலாம் திட்டக் குறிப்பேடும் இணையத்திற்கு மாறிவிட்டது. நல்லதே. ஆனால் பதிவில் எண்ணிக்கை ஏறுவது எளிது. படித்தவற்றுள் உனக்குப் பிடித்தது எது, ஏன் பிடித்தது என்று அருகிலிருந்து கேட்க ஒரு மனிதர் வேண்டும். பூட்டுச் சாவியை வைத்திருந்தவர் இனிச் செய்ய வேண்டிய தொழில் அதுவே. இணையத்துச் செல்வத்துள் குழந்தைக்குத் தக்கதைத் தேடியெடுத்து, அதை அவள் கையில் கொடுத்து, மறுவாரம் அதைப் பற்றி உசாவும் தொழில். முன்னையதைவிட இது மிகக் கடினம்.

இத்துணைப் பெரிய வேலையை, வகுப்புப் பாடங்களும் நடத்தும் ஓர் ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டு நாம் பேசாதிருக்கின்றோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கூரையைப் பற்றியும் சுவர் வர்ணத்தைப் பற்றியும் நெடுநேரம் வாதிக்கின்றோம். பிள்ளைகளுக்கு நூல் தெரிந்தெடுக்க அவ்வாசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது? தோழர்களே, அடுத்த கூட்டத்தில் அதைக் கேளுங்கள். விடையை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.