யார் சிரிக்கிறது?

‘ஹாலிவுட் ஷஃபிள்’ 1987ல் வந்த கறுப்பர் படம். எடுத்து நடித்தவர் ராபர்ட் டவுன்சென்ட். சிகாகோ ‘செகண்ட் சிட்டி’யில், எழுதி வைக்காத வசனத்தை மேடையிலேயே கட்டிப் பேசிப் பழகியவர். மொத்தச் செலவே ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்தான். சேமிப்பு தீர்ந்ததும் கிரெடிட் கார்டில் கடன்பட்டு முடித்தார்.

துண்டு துண்டான எள்ளல் காட்சிகள். ஒன்றில் ஒரு நடிப்புப் பள்ளி. கறுப்பு நடிகனுக்குக் ‘கறுப்பனா’ நடக்க, பேச வெள்ளைக்கார வாத்தியார் கத்துத் தர்றார்! வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறந்தான் உறுத்தியது. கேலி பண்ணணும்னாலும் அந்த இழிந்த வேஷத்தை இன்னொரு தடவை போட்டுத்தானே ஆகணும்? வேஷத்தை உண்டாக்கினவனும் அதே இடத்துல சிரிப்பானே. கேமரா நம்ம கையில இருந்தா மட்டும் சிரிப்பு மாறிடுமா? மாறாதுன்னுதான் எனக்குப் படுது.

கதையில் பாபி, ஹாட்டாக் கடையில் கூலிக்கு நிற்கிற நடிகன். ரவுடி வேஷம் கிடைக்கிறது. படப்பிடிப்புக்குப் பாட்டியும் சின்னத் தம்பியும் வருகிறார்கள். தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் முன்னால் அந்த இளிப்பு இளிக்க பாபிக்கு வாய் வரவில்லை. இதுக்குத் தபாலாபீஸ் வேலையே மேல்னு சொல்லிவிட்டு வெளியேறுகிறான். கடைசியில் நடிக்கக் கிடைப்பது தபால் இலாகா விளம்பரம்.